துத்தநாக சல்பைடு நானோ துகள்: முன்னோடிச் சேர்மத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உலோக சல்பைடு ஆய்வுக்கு வரும் புதியவர்கள் பலவிதம். மதுரை, திருச்சியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வருபவர்கள் உண்டு. இந்நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளிலிருந்து ஆனர்ஸ் முடித்து வருபவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பயம்: 250 °செ வெப்பத்தில் கரைசலை ஊசியால் செலுத்தும் அந்த ஒரு நொடி. அந்த நொடியில் கெட்டுப்போவது குறைவு. அதற்குச் சில நாட்கள் முன்பே, பனிக்கட்டித் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் குடுவையில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் முன்னோடிச் சேர்மத்தை, அதாவது சூட்டில் சிதைந்து துகளாக மாறும் மூலப்பொருளை, பற்றியே பேசுகிறேன்.

எடுத்துக்காட்டாகத் துத்தநாகத்தை எடுத்துக்கொண்டேன். காட்மியம், ஈயம் போன்ற நச்சு இதில் இல்லை. முன்னோடியாகும் அதன் அணைவுச் சேர்மம் வெள்ளை நிறம் என்பதால் அழுக்கு சேர்ந்தால் உடனே கண்ணில் படும். என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையும் தெளிவாக வரும். முதல் முறை செய்பவர் காட்மியத்தைக் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

1. எந்த முன்னோடி?

உலோகத்துக்கு ஒரு பொருள், கந்தகத்துக்கு ஒரு பொருள் என்று இரண்டாகவும் எடுக்கலாம். உலோகமும் கந்தகமும் ஏற்கெனவே பிணைந்த ஒரே சேர்மமாகவும் எடுக்கலாம். புதியவருக்கு இரண்டாவதே நல்லது. விகிதம் மூலக்கூறிலேயே உறைந்துவிட்டதால் எடைபோடும் பிழை குறையும்.

கந்தகத் தூளை ஆக்டடெசீனிலோ ஓலைலமீனிலோ கரைத்துப் பயன்படுத்துவது மலிவு. பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சூடாக்கும் நேரமும் வெப்பமும் மாறினால் அந்தக் கரைசலில் உள்ள கந்தக இனங்களும் மாறிவிடும். திங்கட்கிழமை செய்தது வியாழக்கிழமை வராது. தயோயூரியா வகைகள் வேறு ரகம். நைட்ரஜனில் தொங்கும் தொகுதிகளை மாற்றினால் கந்தகம் வெளிவரும் வேகத்தையே கட்டுப்படுத்தலாம். ஈய சல்பைடில் இதை ஹென்ட்ரிக்ஸ், ஓவன் குழுவினர் 2015இல் காட்டினார்கள். அது அடுத்த கட்டத்துக்கு உரியது.

சாந்தேட் சேர்மங்கள் குறைந்த வெப்பத்திலேயே சிதையும். மெல்லிய படலத்துக்கு அது வசதி. ஆனால் நெடுநாள் சேமித்து வைக்கத் தோதில்லாத அவசரக்காரர்கள். அமீனும் கார்பன் டைசல்பைடும் சேர்ந்து உருவாகும் டைதயோகார்பமேட்டின் அணைவுகள் காற்றில் நிலையானவை. பெரும்பாலானவை 200 முதல் 350 °செ வரை சிதைகின்றன. நாம் செய்யப்போவது துத்தநாக டைஎத்தில்டைதயோகார்பமேட். இந்த மாகாணத்திலேயே க்வாட்லாங்கெஸ்வாவில் இருக்கும் ஜூலூலாந்து பல்கலைக்கழகத்தில் நீரிஷ் ரேவாபிரசாது குழு இவ்வகை ஒற்றை முன்னோடிகளில் நெடுங்காலமாக உழைத்திருக்கிறது. கட்டுரைகளைத் தேடத் தொலைதூரம் போக வேண்டாம்.

2. குடுவையைத் தொடும் முன்

நாளைக் குறியுங்கள். லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு 2024க்குப் பிறகு வெகுவாகக் குறைந்தாலும், அட்டவணையைப் பார்க்காமல் கார்பன் டைசல்பைடு புட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரம் போனால் விளக்கு போவது பெரிதல்ல, நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டின் விசிறி நிற்பதே ஆபத்து. ஜெனரேட்டர் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். அது எடுக்கும் சில நொடிகளில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து, மீண்டும் எரியும்போது பழைய எண்ணுக்குத் திரும்பாமல் இருக்கலாம்.

தண்ணீரும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரை நம்பிக் குளிர்விப்பானை ஓட்டினால், தண்ணீர் நிற்கும் நாளில் சூடான அமீன் ஆவி நேராக மேலே வரும். ஒரு வாளி, பனிக்கட்டி, மீன்தொட்டிக்குப் போடும் சிறிய பம்ப் ஆகிய மூன்றும் போதும். தண்ணீரும் மிச்சம்.

கார்பன் டைசல்பைடைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொதிநிலை 46 °செ. ஜோகன்னஸ்பர்க் போன்ற உயரமான ஊரில் இதற்கும் ஐந்தாறு டிகிரி முன்பே கொதிக்கும். ஏறத்தாழ 90 °செ மேற்பரப்பில் பட்டாலே, பொறி எதுவும் இல்லாமல், தானாகத் தீப்பிடிக்கும். பக்கத்து மேசையில் ஒருவர் தகடு அடுப்பைச் சூடாக வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். ஆவி காற்றைவிடக் கனமானது. மேசை மேல் தவழ்ந்து போகும். நரம்பு மண்டலத்தையும் தாக்கும். சாதாரண வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் சுவிட்சின் பொறி போதும்.

இன்னொன்று, சனிக்கிழமை பிராய் எனும் இறைச்சி சுடும் விருந்துக்குப் போகிறவர்களுக்காக. மதுப்பழக்கத்தை விடவைக்கக் கொடுக்கும் டைசல்பிராம் மருந்து உடலுக்குள் போய் மாறுவது இதே டைஎத்தில்டைதயோகார்பமேட்டாகத்தான். கையுறை இல்லாமல் இந்தப் பொடியோடு புழங்கிவிட்டு மாலையில் பீர் குடித்தால், முகம் சிவந்து, நெஞ்சு படபடக்க வாய்ப்புண்டு.

3. ஈனியைத் தயாரித்தல்

ஈனி என்பது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு அல்லது அயனி. நமக்கு அது டைஎத்தில்டைதயோகார்பமேட். தேவையான அளவு: சோடியம் ஹைட்ராக்சைடு 0.80 கிராம், டைஎத்திலமீன் 1.46 கிராம் (சுமார் 2.1 மி.லி.), கார்பன் டைசல்பைடு 1.52 கிராம் (சுமார் 1.2 மி.லி.). ஒவ்வொன்றும் 20 மில்லிமோல்.

வரிசை முக்கியம். முதலில் ஹைட்ராக்சைடை 10 மி.லி. தண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கள். அடுத்து அமீனைச் சேருங்கள். குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 5 °செக்குக் கீழே கொண்டுவாருங்கள். கடைசியாகத்தான் கார்பன் டைசல்பைடு, துளித்துளியாக, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு.

அமீனை ஏன் முன்னால் சேர்க்க வேண்டும்? அமீன் இல்லாத ஹைட்ராக்சைடில் கார்பன் டைசல்பைடை ஊற்றினால் அது ஹைட்ராக்சைடோடு சேர்ந்து டிரைதயோகார்பனேட்டாக மாறும். அதன் நிறம் ஆரஞ்சு, சிவப்பு. "அக்கா, கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டு யாராவது குடுவையைத் தூக்கிக் காட்டினால், அவர் வரிசையை மாற்றிவிட்டார் என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்வதற்கில்லை. அந்த மாசு உலோகத்தோடும் சேர்ந்து பின்னால் தொல்லை தரும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மலிவு. சரியாகச் செய்தால் கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

குளிரில் ஏன்? வினை வெப்பம் வெளிவிடுவது. கட்டுப்பாடு தவறினால் கார்பன் டைசல்பைடு ஆவியாகிப் போகும், ஈனி குறையும், ஹைட்ராக்சைடு மிஞ்சும். மிஞ்சிய ஹைட்ராக்சைடு அடுத்த படியில் செய்யும் கெடுதலைக் கீழே சொல்கிறேன்.

வினை முடிந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்பன் டைசல்பைடு தண்ணீரைவிடக் கனமானது, அதில் கலக்காதது. கலக்கியை ஒரு கணம் நிறுத்தினால் குடுவையின் அடியில் எண்ணெய் முத்துக்கள் போலத் துளிகள் உருண்டு ஒன்றுசேரும். அவை முற்றிலும் மறைந்த பிறகும் ஒரு மணி நேரம் குளிரிலேயே கலக்குங்கள். கலக்கி மெதுவாக ஓடினால் துளிகள் அடியிலேயே படுத்துக்கிடக்கும். ஆள் நேரத்தை மட்டும் பார்த்து முடிந்ததாக எண்ணிக்கொள்வார்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் புட்டியில் இருப்பது பெரும்பாலும் மூன்று நீர் மூலக்கூறு கொண்டது. 20 மில்லிமோலுக்கு 4.51 கிராம் வேண்டும். நீரற்ற உப்பின் மூலக்கூறு எடையைப் போட்டு 3.43 கிராம் எடுத்தால் ஈனி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். லேபிளைப் படிக்காமல் இணையத்தில் எடையைத் தேடுபவர்கள் விழும் பள்ளம் இது.

4. உலோகத்தைச் சேர்த்தல்

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 2.19 கிராம் (10 மில்லிமோல்) எடுத்து 25 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் உப்பு பழையது. வடிகட்டிப் பயன்படுத்தாமல் புதிய புட்டி எடுங்கள். வடிகட்டினால் எவ்வளவு துத்தநாகம் போனது என்று தெரியாது.

உலோகக் கரைசலை ஈனிக் கரைசலுக்குள் மெதுவாக விடுங்கள். திருப்பி ஊற்றாதீர்கள். இப்படி விட்டால் கடைசித் துளி வரை ஈனியே மிகுதியாக இருக்கும். ஒவ்வொரு துத்தநாக அயனிக்கும் இரண்டு ஈனி கிடைக்கும். வெள்ளை வீழ்படிவு உடனே வரும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கலக்குங்கள்.

இனி அந்த ஹைட்ராக்சைடு விவகாரம். முந்தைய படியில் அது மிஞ்சியிருந்தால் இங்கே துத்தநாக ஹைட்ராக்சைடும் கூடவே வீழ்படியும். அதுவும் வெள்ளை, நம் சேர்மமும் வெள்ளை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சூடாக்கும்போது அது துத்தநாக ஆக்சைடாகி, எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு அளவீட்டில்) 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று கோடுகளாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்தவுடன் எல்லோரும் நைட்ரஜன் கசிவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டுகிறார்கள். முதலில் ஹைட்ராக்சைடை எடைபோட்ட குறிப்பைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமிலக் கரைசலில் டைதயோகார்பமேட் அமீனாகவும் கார்பன் டைசல்பைடாகவும் பிரிந்துவிடும். உலோக உப்பு கரையவில்லை என்று யாரும் அமிலம் ஊற்ற வேண்டாம்.

5. கழுவி உலர்த்துதல்

புக்னர் புனலில் வடிகட்டித் தண்ணீரால் பல முறை கழுவுங்கள். போதுமா என்று அறிய, கடைசிக் கழுவுநீரில் சில துளிகளைக் கண்ணாடித் தட்டில் ஆவியாக்குங்கள். வெள்ளைத் தடம் இருந்தால் சோடியம் அசிட்டேட் இன்னும் இருக்கிறது. பிறகு குளிர்ந்த எத்தனால் சிறிதளவு. குளோரோஃபார்மில் கரைத்து, மேலே எத்தனால் விட்டு, மெதுவாகப் படிகமாக்கினால் இன்னும் தூய்மை.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. டர்பனில் கோடைக்கால ஈரப்பதம் தெரிந்ததுதானே. மேசை மேல் வடிதாளில் பரப்பி வைத்தால் காலையில் தொட்டுப் பார்க்க உலர்ந்தது போல் இருக்கும், உலர்ந்திருக்காது. வெற்றிட உலர்த்தியில், புதிய சிலிக்கா ஜெல்லோடு, எடை மாறாத வரை வையுங்கள். ஈரமான முன்னோடியை 250 °செ அமீனுக்குள் செலுத்தினால் தண்ணீர் வெடித்துக் கொதிக்கும். துகள் கெடுவது இருக்கட்டும், முகத்துக்கே ஆபத்து.

முழுவதும் கிடைத்தால் 3.62 கிராம். அதைவிட அதிகம் கிடைத்ததாக யாராவது மகிழ்ந்தால், அது தண்ணீரின் எடை.

6. நிற்க, சோதிக்க

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். உருகுநிலை பார்க்கப் பத்து நிமிடம் போதும். தூய சேர்மம் 180 °செயை ஒட்டி, சில டிகிரி இடைவெளிக்குள் உருகும். 165இல் குழையத் தொடங்கி நீண்டுகொண்டே போனால் மீண்டும் படிகமாக்குங்கள்.

அகச்சிவப்பு நிறமாலையில் 1480 முதல் 1550 செ.மீ⁻¹ வரை கார்பன்–நைட்ரஜன் பிணைப்பின் வலுவான பட்டை வரும். ஒற்றைப் பிணைப்புக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் இடைப்பட்ட இயல்பால் அந்த இடம். 1000 செ.மீ⁻¹ அருகே கார்பன்–கந்தகப் பட்டை பிளவுபடாமல் ஒன்றாக வந்தால், இரண்டு கந்தகமும் உலோகத்தைப் பிடித்திருக்கின்றன. 3400 அருகே அகன்ற மேடு தெரிந்தால் இன்னும் உலரவில்லை.

சூடாக்கிக்கொண்டே எடைக்குறைவை அளக்கும் டி.ஜி.ஏ.வில் ஒரு குழப்பம் வரும். முழுவதும் துத்தநாக சல்பைடாக மாறினால் 26.9 சதவீதம் எச்சம் இருக்க வேண்டும். இந்தச் சேர்மம் ஓரளவு பதங்கமாகவும் செய்யும் என்பதால் எச்சம் குறைவாகவே வரும். அதைத் தூய்மையின்மை என்று எழுதிவிடாதீர்கள். எச்சம் 26.9ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

7. கரைப்பானைத் தயார் செய்தல்

மூன்று கழுத்துக் குடுவையில் 8 கிராம் ஹெக்சாடெசிலமீன் எடுங்கள். 110 முதல் 120 °செயில் வெற்றிடத்தில் முக்கால் மணி நேரமாவது வையுங்கள். தண்ணீரும் ஆக்சிஜனும் போவதற்காக. முதலில் நுரைத்துக் குமிழியிடும். அடங்கிய பிறகுதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பிறகு நைட்ரஜனுக்கு மாற்றி 250 °செக்கு ஏற்றுங்கள்.

தெர்மோகப்பிளின் முனை திரவத்துக்குள் முழுகியிருக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டியோ திரவத்துக்கு மேலேயோ இருந்தால் எண் பொய் சொல்லும்.

வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும் என்பதால் நாற்றத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். வாயுவைக் காப்பர் சல்பேட் கரைசல் வழியே விடுங்கள். கறுத்தால் பிடிக்கிறது என்று தெரியும். அதற்கும் குடுவைக்கும் நடுவில் ஒரு வெற்றுப் புட்டி கட்டாயம். குடுவை ஆறும்போது உள்ளழுத்தம் குறைந்து, நீலக் கரைசல் குழாய் வழியே சூடான அமீனுக்குள் ஏறிவரும். வெற்றுப் புட்டி இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

8. ஊசி

முன்னோடி 0.5 கிராமை 4 மி.லி. டிரைஆக்டைல்பாஸ்பீனில் நைட்ரஜன் சூழலில், இலேசாகச் சூடுகாட்டிக் கரையுங்கள். ஓலைலமீனில் கரைத்து வைக்கலாமே என்று கேட்பார்கள். முதன்மை அமீன்கள் டைதயோகார்பமேட்டின் நடுக் கார்பனைத் தாக்கிச் சிதைவு வெப்பத்தைக் குறைத்துவிடுகின்றன. அப்படிக் கரைத்து வைத்து மதிய உணவுக்குப் போய்வந்தால், சிரிஞ்சுக்குள்ளேயே வினை தொடங்கியிருக்கும். 250 °செ அமீனுக்குள் போனதும் அதே தாக்குதல்தான் நமக்குச் சாதகமாகி வினையை விரைவாக்குகிறது.

அகன்ற ஊசியால் ஒரே வீச்சில் செலுத்துங்கள். காயாத எண்ணெயில் கடுகைப் போட்டால் ஒன்றிரண்டாக வெடிக்கும். காய்ந்த எண்ணெயில் எல்லாம் ஒருசேர வெடிக்கும். கருக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உருவானால்தான் பின்னால் ஒரே அளவில் வளரும். மெல்லிய ஊசியில் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் பிறந்த துகள் பெருத்துக்கொண்டே போகும்போது கடைசித் துகள் பிறந்துகொண்டிருக்கும்.

வெப்பம் இருபது முப்பது டிகிரி இறங்கும். பதறி அடுப்பை முழுவதும் ஏற்றாதீர்கள். அது 270ஐத் தாண்டிப் போய் நிற்கும். 230 °செயில் நிலைப்படுத்தி அங்கேயே ஒரு மணி நேரம் வையுங்கள். ஊசி போடும் முன் இருந்த வெப்பம், இறங்கிய அளவு, நிலைபெற எடுத்த நேரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை துகள் அளவு மாறினால் காரணம் அங்கே இருக்கும்.

9. பிரித்தெடுத்தல்

துகளை வீழ்த்த மெத்தனால் ஊற்ற வேண்டும். அது 65 °செயில் கொதிக்கும். ஹெக்சாடெசிலமீன் 45 °செ அருகே உறையத் தொடங்கும். ஆகவே 50 முதல் 60 °செ வரையிலான இடைவெளியில்தான் மெத்தனாலை ஊற்ற வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் பொங்கி வழியும். கீழே போனால் துகளை உள்ளே வைத்து மெழுகாக உறைந்துவிடும். அசிட்டோன் வேண்டாம். அது முதன்மை அமீனோடு வினைபுரிந்து இமீனாக மாறி, கழுவுவதையே இன்னொரு வினையாக்கிவிடும்.

சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, டொலுவினில் கரைத்து, மீண்டும் மெத்தனாலால் வீழ்த்தி, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அளவுக்கு மீறிக் கழுவினால் மேற்பரப்பு அமீனும் போய், துகள்கள் ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கும்.

0.5 கிராம் முன்னோடியிலிருந்து அதிகபட்சம் 0.13 கிராம் சல்பைடுதான் வர முடியும். உலர்ந்த பொடி அதற்கு மிக அதிகமாக நிறுத்தால் மிச்சம் அமீன். எக்ஸ்.ஆர்.டி.யில் 20 முதல் 25 டிகிரி வரை கூர்மையான கோடுகள் வந்தாலும் அதே மெழுகுதான். நானோ துகளின் கோடுகள் அகன்றே வரும். கனசதுரத் துத்தநாக சல்பைடுக்கு அவை 28.6, 47.5, 56.3 டிகிரிகளை ஒட்டி இருக்கும்.

புறஊதா நிறமாலைக்கு டொலுவினை எடுக்காதீர்கள். 285 நானோமீட்டருக்குக் கீழே டொலுவினே ஒளியை உறிஞ்சிவிடும். சிறு துகளின் உறிஞ்சல் விளிம்பு, பெரிய படிகத்துக்குரிய 340 நானோமீட்டரிலிருந்து அந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஹெக்சேனில் எடுங்கள்.

10. வேறு உலோகத்துக்குப் போகும்போது

தாமிரத்தின் அணைவு அடர் பழுப்பு, நிக்கலுடையது பச்சை, பிஸ்மத்துடையது மஞ்சள். பிஸ்மத்துக்கு மூன்று ஈனி வேண்டும். பிஸ்மத் குளோரைடைத் தண்ணீரில் போட்டால் ஆக்சிகுளோரைடாகி வெளுத்துவிடும், அதனால் தண்ணீரில்லாத கரைப்பான். தாமிரத்தில் ஒரே முன்னோடி வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்துக் கோவெலைட்டாகவோ டைஜெனைட்டாகவோ, அதாவது விகிதம் வேறுபடும் தாமிர சல்பைடுகளில் ஒன்றாக, வரலாம். துத்தநாகத்தில் கிடைத்த நிம்மதி அங்கே இல்லை. நிக்கலை 300 °செ அருகே டிரைஆக்டைல்பாஸ்பீனோடு சூடாக்கினால் பாஸ்பீனிலிருந்தே பாஸ்பரஸ் வந்து நிக்கல் பாஸ்பைடு உருவாகும். சல்பைடு வேண்டுமானால் நிக்கலுக்கு வேறு கரைப்பான் தேடுங்கள்.

கழுவிய மெத்தனாலிலும் உலோகம் இருக்கிறது. தொட்டியில் ஊற்றாமல், உலோகத்தின் பெயரும் தேதியும் எழுதிய தனிப் புட்டியில் சேருங்கள். காப்பர் சல்பேட் புட்டியின் கறுத்த வண்டலுக்கும் தனி இடம். 

துகள் கரைசலை இருட்டில், மூடிய புட்டியில் வையுங்கள். சில வாரங்களில் அடியில் வண்டல் தெரிந்தால் ஒரு துளி ஓலைலமீன் விட்டுக் குலுக்கிப் பாருங்கள். கரைந்தால் பயன்படுத்தலாம், கரையாவிட்டால் அதை அளவீட்டுக்கு எடுக்காதீர்கள்.